இசாஃபகோகேஸ்ட்ரோடூவடினாஸ்கப்பி: எங்கே வெட்டுவது, எங்கே அழுத்துவது

கிருஷ்ணகிரியிலிருந்து வந்து பெங்களூரில் மெடிக்கல் கோடிங் (ரிப்போர்ட்டைப் படித்துக் கட்டணத்துக்கான எண் போடும் வேலை) பயிற்சியில் சேர்ந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் பரிசோதனையின் முழுப் பெயரை வகுப்பில் எழுந்து நின்று சொல்ல வேண்டுமாம். அதில் எத்தனை சிலபிள் (ஓர் உயிரொலியை வைத்து நிற்கும் ஒலித்துண்டு), அழுத்தம் எந்த இடத்தில், சொல்லை எங்கெங்கே பிரிப்பது? “பாதி வரைக்கும் வந்துடுது அண்ணா, டுவோ கிட்ட வந்ததும் நாக்கு சுருண்டுக்குது” என்றும் எழுதியிருக்கிறார்.

நேரடிப் பதில் முதலில். பன்னிரண்டு சிலபிள்: இ-ஸா-ஃப-கோ-கேஸ்-ட்ரோ-டூ-வ-டி-நாஸ்-க-பி. ஸா, கேஸ், டூ, நாஸ் என்று நான்கு இடத்தில் தட்டு, அதாவது அழுத்தம், விழும். அதில் பெரிய தட்டு பத்தாவதாக வரும் நாஸ் மேல். உள்ளே இருக்கும் உறுப்புகள் மூன்று: இசாஃபகோ உணவுக்குழாய், கேஸ்ட்ரோ இரைப்பை, டூவடின் முன்சிறுகுடல். கடைசியில் நிற்கும் ஸ்கப்பி என்பது பார்ப்பது. அவசரமாக இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். மற்றவர்களுக்கு, இதே மாதிரி இன்னும் நூறு சொல் வரும்போது ஒவ்வொன்றுக்கும் யாரையாவது கேட்டுக்கொண்டிருக்காமல் தானே பிரிக்கத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனில் பல வருடம் இருந்தவன். பெங்களூரில் 2000-ஐ ஒட்டிய காலத்தில் அந்த வேலைக்கு ஒரு பெரிய அலை அடித்தது, தமிழ்ப் பிள்ளைகள் ஏகப்பட்ட பேர் அதில் வந்தோம். அமெரிக்க டாக்டர் பேசிப் பதிவு செய்து அனுப்புவார், நாம் ஹெட்போனில் கேட்டு, காலுக்கடியில் இருக்கும் பெடலை மிதித்துப் பின்னால் ஓட்டி ஓட்டித் தட்டச்சு செய்ய வேண்டும். அவர் காரில் போய்க்கொண்டே பேசுவார், எதையாவது மென்றுகொண்டே பேசுவார். அந்த மாதிரிப் பேச்சில் ஒரு நீளச் சொல்லின் எல்லா எழுத்தும் காதுக்கு வராது, தட்டு விழுந்த இடம் மட்டும்தான் வரும். மிச்சத்தை அந்த ஓரிரு ஒலியிலிருந்து நாம் கட்டி எழுப்பிக்கொள்ள வேண்டும். அதனால் எனக்கு இந்த அழுத்த விவகாரம் உச்சரிப்பு அலங்காரமாக ஒருநாளும் தோன்றியதில்லை, வேலையே அதை வைத்துத்தான் நடந்தது.

சிலபிள் எண்ணுவதில் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. ஆங்கிலச் சொல்லை காதில் கேட்கிறபடி தமிழில் எழுதுங்கள். புள்ளி வைத்த எழுத்தையும் ஆய்தத்தையும் விட்டுவிட்டு மீதியை எண்ணுங்கள். உயிரும் உயிர்மெய்யும் எத்தனையோ, சிலபிளும் அத்தனை. கேஸ்ட்ரைட்டிஸ்: கே, ரை, டி, மூன்று. ஒரே எச்சரிக்கை, டியூ, நியூ மாதிரி எழுதும்போது ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்து விழுந்துவிடும், நியூமோனியாவை அப்படியே எண்ணினால் ஒன்று கூடுதலாக வரும். அதனால்தான் மேலே டியூ என்று எழுதாமல் டூ என்று எழுதினேன், அமெரிக்கர்கள் சொல்வதும் டூ தான். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து கன்னடத்தில் எழுதிப் பார்ப்பவருக்கும் இந்த வித்தை ஓரளவு பலிக்கும், எழுத்துக்குக் கீழே தொங்கும் மெய்யான ஒத்தக்ஷரத்தைத் தனியாக எண்ணாமல் இருந்தால் சரி.

ஆனால் பள்ளியில் படித்த அசையை இதற்குள் கொண்டுவர வேண்டாம். சிலர் சிலபிள் என்றால் அசை என்று மொழிபெயர்த்துக்கொண்டு நேர், நிரை என்று அலகிடத் தொடங்கிவிடுகிறார்கள். கருவிளம் என்பது நமக்கு நிரைநிரை, இரண்டு அசை. ஆங்கிலக் கணக்கில் அது க-ரு-வி-ளம், நான்கு சிலபிள். இரண்டு கணக்கும் வேறு.

அடுத்தது அழுத்தம். தமிழில் ‘பல்’லையும் ‘பால்’ஐயும் பிரிப்பது குறிலும் நெடிலும்தான், எந்த எழுத்தை ஓங்கிச் சொன்னாலும் பல் பல்தான். அதனால் நம் வாய் எல்லா எழுத்துக்கும் சமமாகப் படி அளந்து பழகியிருக்கிறது. ஆங்கிலம் அப்படி இல்லை, ஒரு சிலபிளுக்கு நிறையக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பதன் வயிற்றில் அடிக்கும். அழுத்தம் விழாத உயிர் பெரும்பாலும் தேய்ந்து, அ-வுக்கும் எ-வுக்கும் நடுவில் எதுவோ ஒன்றாக முனகிக்கொண்டு போகும். ஸ்கோப்பி என்று எழுத்தில் ஓகாரம் மாதிரித் தெரிவது காதில் ஸ்கப்பி என்று விழுவது இதனால்தான். இதை நம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் ‘அழுத்து’ என்ற வார்த்தையையே தவிர்ப்பேன். அழுத்து என்றால் உடனே சத்தம் போடுகிறார்கள். தட்டு விழும் இடத்தை நெடிலாக வை, மற்றதைக் குறிலாக்கி விழுங்கு என்பேன். நெடில் குறில் நமக்கு ரத்தத்தில் இருப்பது, அதைச் சொன்னதும் பிடித்துக்கொள்கிறார்கள்.

சரி, எந்த இடத்தில் தட்டு என்று எப்படித் தெரியும்? மருத்துவச் சொல்லில் பெரும்பாலும் அதை முடிவு செய்வது வால். முன்னால் எத்தனை உறுப்பு வரிசை கட்டி நின்றாலும் வால் எதுவோ அது சொன்ன இடத்தில் முதன்மைத் தட்டு விழும். ஸ்கப்பி, கிராஃபி, லஜி, எக்டமி, ஸ்டமி, மெட்ரி, இந்தக் குடும்பம் முழுக்கக் கடைசியிலிருந்து மூன்றாவது சிலபிளில் தட்டும். எண்-டாஸ்-க-பி. ம-மாக்-ர-ஃபி. அ-பென்-டெக்-ட-மி. கார்டி-யால-ஜி என்று சொல்லும்போது யா-வில் தட்டு. இதில் விதிவிலக்கு தேடினால் அகப்படலாம், ஆனால் உங்கள் பாடப் புத்தகத்தில் வரும் சொற்களுக்கு இது கைகொடுக்கும்.

இன்னொரு குடும்பம் தட்டைத் தன் வாயிலேயே வைத்துக்கொள்ளும். ஐட்டிஸ், ஓஸிஸ், ஓமா, ஈமியா. கேஸ்ட்-ரை-டிஸ், ஸி-ரோ-ஸிஸ், கார்ஸி-னோ-மா, அ-நீ-மியா. ‘இக்’ என்று முடிந்தால் அதற்கு முந்தின சிலபிளில் விழும், எண்ட-ஸ்காப்-பிக். இப்போது பாருங்கள், கருவி எண்டஸ்கோப் என்றால் தட்டு முதலிலேயே எண் மேல் விழுகிறது, அந்தக் கருவியால் செய்யும் வேலை எண்டாஸ்கப்பி என்றால் டாஸ் மேல் நகர்கிறது, பண்புச்சொல்லாக எண்டஸ்காப்பிக் ஆனால் காப் மேல் போய் உட்காருகிறது. ஒரே வேர், மூன்று வால், மூன்று இடம். கணையத்தையும் இப்படியே ஓட்டிப் பார்க்கலாம்: பேன்க்ரியஸ் என்பதில் பேன் மேல், பேன்க்ரியடைட்டிஸ் என்பதில் டை மேல், பேன்க்ரியடெக்டமி என்பதில் டெக் மேல்.

நம் ஊரில் அதிகம் வழுக்கும் சொல் மெடாஸ்டஸிஸ். புற்றுநோய் வேறு இடத்துக்குப் பரவுவது. மெட்டா தனி, ஸ்டேஸிஸ் தனி என்று உடைத்து மெட்டா-ஸ்டேஸிஸ் என்றே பெரும்பாலும் காதில் விழும். தட்டு இரண்டாவது சிலபிளில்: மெ-டாஸ்-ட-ஸிஸ். கடைசியிலிருந்து மூன்று எண்ணினால் அதே இடம்தான்.

அதனால் நீளச் சொல்லை முன்னாலிருந்து வாசிக்கவே வாசிக்காதீர்கள். உங்கள் நாக்கு டுவோ கிட்ட சுருள்வதற்குக் காரணமே முன்னாலிருந்து ஓடி வந்து மூச்சு தீர்ந்த இடத்தில் அது நிற்பதுதான். பின்னாலிருந்து கட்டுங்கள். முதலில் நாஸ்கப்பி. அதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற அளவுக்கு வைத்துக்கொண்டு முன்னால் ஒன்றைச் சேருங்கள்: டிநாஸ்கப்பி. அப்புறம் டூவடினாஸ்கப்பி. இங்கே கொஞ்சம் நின்று பழகுங்கள், கஷ்டமே இந்த ஒரு துண்டுதான். டூ-வுக்கும் அ-வுக்கும் நடுவே நான் வகரம் போட்டு எழுதியிருப்பது காரணமாகத்தான், இரண்டு உயிர் மோதும் இடத்தில் உடம்படுமெய் போட்டுச் சொல்லிப் பழகிய நாக்கு நமக்கு, அதைத் தடுக்காமல் விட்டாலே டுவோ சிக்கல் பாதி தீர்ந்துவிடும். பிறகு கேஸ்ட்ரோடூவடினாஸ்கப்பி. கடைசியாக இசாஃபகோ. மொழி வகுப்புகளில் இப்படிப் பின்னாலிருந்து கட்டுவது பழைய முறைதான், புதிதாக நான் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. இதில் ஒரு லாபம் என்னவென்றால், சொல்லச் சொல்ல நீங்கள் தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்குப் போகிறீர்கள், முடிவு நெருங்க நெருங்க வாய்க்குத் தைரியம் கூடும்.

பொருளையும் இப்படியே வாலிலிருந்து பிடிக்கலாம், இதில் தமிழர்களுக்கு எந்தச் சிரமமும் இருக்கக் கூடாது. ‘கண் மருத்துவமனை வாசல்’ என்றால் பேச்சு வாசலைப் பற்றி. முக்கியமானது நமக்கும் கடைசியில்தான் வரும். என்ன செய்தார்கள்? பார்த்தார்கள். எதை? முன்சிறுகுடலை, இரைப்பையை, உணவுக்குழாயை. அந்த மூன்றும் சொல்லில் நிற்கும் வரிசை குழாய் உள்ளே போகும் வரிசையேதான், வாயிலிருந்து கீழே. ஆகவே மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை, விழுங்கிய இட்லி போகும் வழியைச் சொன்னால் போதும்.

நடுவில் வரும் ஓ எதற்கு என்று கேட்பீர்கள். அது ஒட்டுப் பசை. கிரேக்க வேர்களைக் கோக்கும்போது இடையில் ஓ வைப்பார்கள், வரும் துண்டு மெய்யில் தொடங்கினால் ஓ நிற்கும், உயிரில் தொடங்கும் வாலாக இருந்தால் ஓ விழுந்துவிடும். கேஸ்ட்ரோ + ஐட்டிஸ், கேஸ்ட்ரைட்டிஸ். பந்து + ஆட்டம், பந்தாட்டம் ஆகும்போது உகரம் ஓடிப்போவது மாதிரி. ஆனால் இரண்டு உறுப்பின் வேர் சேரும் இடத்தில் அடுத்தது உயிரானாலும் ஓ அசையாது: கேஸ்ட்ரோஎன்டராலஜி. தேர்வில் இதைத்தான் மடக்கிக் கேட்பார்கள்.

டூவடினம் கதை மட்டும் கொஞ்சம் ரசித்துச் சொல்லத் தக்கது. கி.மு. 300 வாக்கில் அலெக்சாண்டிரியாவில் இருந்த ஹெரோஃபிலஸ் என்ற கிரேக்க மருத்துவர் அந்தக் குடல் துண்டு பன்னிரண்டு விரல் அகலம் நீளம் இருக்கிறது என்று அப்படியே பெயர் வைத்துவிட்டார். பின்னால் லத்தீனுக்கு வந்தபோது விரல் காணாமல் போய்ப் பன்னிரண்டு மட்டும் மிஞ்சியது, டூவடினம் என்பது அந்தப் பன்னிரண்டுதான். ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் பன்னிரண்டு விரல் குடல் என்றே சொல்கிறார்கள். அதன் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். நம் கணக்கில் பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண்; சாண் வயிற்றுக்குள் சாண் குடல். முழுச் சொல்லிலும் சிலபிள் பன்னிரண்டு என்பது தற்செயல்தான், ஆனால் எண்ணிக்கை மறந்துபோனால் இதை வைத்து நினைவுபடுத்திக்கொள்ளலாம். டூவடினம் தனியாக வரும்போது சிலர் டூ-வ-டீ-னம் என்பார்கள், சிலர் டூ-வாட்-னம் என்பார்கள். இரண்டும் சரி, சண்டை போட வேண்டாம்.

எழுத்து ஒன்று ஒலி ஒன்று என்று பயமுறுத்தும் இடங்களும் நாம் பயப்பட வேண்டியவை இல்லை. நியூமோனியாவில் முதலில் நிற்கும் பி ஊமை, ஆனால் டிஸ்ப்னியாவில், அதாவது மூச்சு வாங்குவதில், அதே பி பேசுகிறது. ஆங்கில வாய் சொல்லின் தொடக்கத்தில் ப்ன் என்று ஆரம்பிக்காது. நடுவில் வந்தால் ஒன்று முந்தின சிலபிளோடு ஒட்டிக்கொள்ளும், இன்னொன்று பிந்தினதோடு, இரண்டும் பிழைத்துக்கொள்ளும். சொல்லுக்கு முதலில் வராத எழுத்து என்று பட்டியலே வைத்திருக்கிற மொழிக்காரர்களுக்கு இதில் என்ன ஆச்சரியம்? குரல்வளைச் சொற்களும் இப்படித்தான். லேரிங்காஸ்கப்பி என்றால் வல்லின க, லேரிஞ்ஜைட்டிஸ் என்றால் ஜ. எழுத்து ஒன்றே, ஆங்கில எழுத்துக்கூட்டில் பின்னால் வரும் உயிர் i, e என்றிருந்தால் ஜ ஆகும்.

கோடிங் வேலைக்கு உண்மையில் சோறு போடுவது டமி, ஸ்டமி, எக்டமி மூன்றையும் பிரித்துக் கேட்கும் காதுதான். கேஸ்ட்ராடமி என்றால் இரைப்பையை வெட்டித் திறப்பது. கேஸ்ட்ராஸ்டமி என்றால் அதற்கு வெளியே ஒரு வாய் வைப்பது, வாயால் சாப்பிட முடியாதவருக்கு வயிற்றில் டியூப் போடுகிறார்களே, அது. கேஸ்ட்ரெக்டமி என்றால் இரைப்பையையோ அதன் ஒரு பகுதியையோ எடுத்துவிடுவது. மூன்றிலும் தட்டு ஒரே இடத்தில், கடைசியிலிருந்து மூன்றாவதில் விழுகிறது, வித்தியாசமும் சரியாக அதே சிலபிளில்தான் ஒளிந்திருக்கிறது: ட்ரா, ட்ராஸ், ட்ரெக். தட்டை இடம் மாற்றிப் போட்டால் எதிரே இருப்பவர் காதில் இந்த மூன்றும் குழம்பும். கட்டணக் கோட் எண் மாறும், இன்சூரன்ஸ் க்ளெய்ம் திரும்பி வரும், டீம் லீடர் உங்களைத் தேடி வருவார். நீங்கள் கேட்ட சொல்லுக்கே வெறுமனே பார்த்ததற்கு அமெரிக்கக் கட்டண எண் 43235, பார்த்து பயாப்ஸிக்குச் சதை எடுத்தால் 43239. ஆகவே ரிப்போர்ட்டில் ஸ்கப்பி என்று கண்டதும் நின்றுவிடாமல் கூட எதையாவது எடுத்தார்களா என்று கீழே வரை படித்துவிடுங்கள்.

இன்னொரு குழப்பம் கண்டிப்பாக வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ரிப்போர்ட்டில் ஈஜிடி என்று போடுவார்கள், பெங்களூர் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் ஓஜிடி என்றோ யூஜிஐ ஸ்கோப்பி (செரிமானப் பாதையின் மேல்பகுதியைப் பார்ப்பது) என்றோ இருக்கும். ஈஜிடியும் ஓஜிடியும் ஒன்றே. பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டில் உணவுக்குழாய்க்கு முன்னால் ஓர் ஓ உண்டு, அமெரிக்கர்கள் அதை வெட்டிவிட்டார்கள். அந்த ஓ-வைச் சொல்வதில்லை, பிரிட்டிஷ் வாயிலும் ஈ-ஸா-ஃப என்றுதான் வரும். சுருக்கத்தில் மட்டும் ஓ வந்து உட்கார்ந்துகொண்டு புதிதாக வருபவர்களை இரண்டு வேறு பரிசோதனையோ என்று நினைக்க வைக்கிறது. அமெரிக்க எழுத்துக்கூட்டில் மொத்தம் 26 எழுத்து, பிரிட்டிஷில் 27.

யாராவது உங்களிடம் நியூமனோ-அல்ட்ரா-மைக்ராஸ்காப்பிக் என்று தொடங்கும் 45 எழுத்துச் சொல்லைக் காட்டி இதைச் சொல் பார்க்கலாம் என்பார்கள். 1935-இல் அமெரிக்காவில் புதிர்ப் பிரியர்கள் கூட்டத்தில் நீளத்துக்காகவே செய்த சொல் அது, எந்த ரிப்போர்ட்டிலும் வராது. ஆனாலும் வாலைப் பிடித்தால் அதுவும் மடங்கும்: ஓஸிஸ், அதனால் தட்டு ஓ மேல், அதற்கு முன்னால் கோனி, தூசி, முதலில் நியூமனோ, நுரையீரல். நடுவில் இருக்கும் ஸிலிகோவை மட்டும் எடுத்து ஓஸிஸோடு ஒட்டினால் வருவது ஸிலிகோஸிஸ், கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் நோய். அது விளையாட்டுச் சொல் இல்லை. கோலார் தங்கவயலில் பாறை குடைந்த நம் ஆட்கள் எத்தனையோ பேர் அந்த நோயோடுதான் வீட்டுக்குத் திரும்பினார்கள். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள், பெங்களூரில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம்.

கடைசியாக, இதையெல்லாம் எங்கே காட்டுவது என்பது. வகுப்பிலும் அமெரிக்க கிளையண்டோடு பேசும்போதும் முழுச் சொல்லைத் தட்டோடு சொல்லுங்கள், மூச்சு வேண்டுமானால் இசாஃபகோவுக்குப் பின்னால் ஒருமுறை, கேஸ்ட்ரோவுக்குப் பின்னால் ஒருமுறை எடுத்துக்கொள்ளலாம். டூவடினாஸ்கப்பியை மட்டும் உடைக்காதீர்கள். ஓசூரிலிருந்து வயிற்றுவலியோடு வந்திருக்கும் பெரியவரிடம் எண்டாஸ்கப்பி என்று டாஸ் மேல் ஏறி நிற்கத் தேவையில்லை. அவருக்கு அது எண்டோஸ்கோப்பி, இல்லையென்றால் ‘குழாய் விட்டுப் பாக்குற டெஸ்ட்’. இந்திய டாக்டர்களில் பாதிப் பேர் எண்டோஸ்கோப்பி என்றுதான் சொல்கிறார்கள், யாருக்கும் புரியாமல் போகவில்லை.

இனி சொற்களை நீங்களே அகராதியில் பார்க்கும்போது குறியைக் கவனியுங்கள். பல பொது ஆங்கில அகராதிகளில் மேலே நிற்கும் சின்னக் கோடு முதன்மைத் தட்டு, கீழே நிற்பது துணைத் தட்டு, இரண்டும் தட்டு விழும் சிலபிளுக்கு முன்னால் இருக்கும். சில அமெரிக்க மருத்துவ அகராதிகளில் குறி சிலபிளுக்குப் பின்னால் வரும். எந்த அகராதியைத் திறந்தாலும் முதலில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த அனீமியாவை எடுத்துப் பார்த்து, கோடு நீ-க்கு முன்னால் விழுகிறதா பின்னால் விழுகிறதா என்று தெரிந்துகொண்டு அப்புறம் மற்றதைத் தேடுங்கள்.